பைத்தான் கையேட்டில் பிழை திருத்த நாலு பேர் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். எங்கள் பயிற்சி வகுப்புக்காக நாங்களே தமிழில் எழுதிய, பைத்தான் என்ற கணினி நிரல்மொழிக்கான குறிப்புக் கையேடு பழையதாகிவிட்டது. போன வாரம் ஒரு மாணவி, "அண்ணா, எண்ணை முழுமையாக்கும் ரவுண்ட் கட்டளையில் 2.5 கொடுத்தால் 2 வருகிறது, கையேட்டில் 3 என்று இருக்கிறதே" என்று கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி. இப்போதைய பதிப்பான பைத்தான் 3-இல் சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும், 3.5 கொடுத்தால் 4. நாங்கள் எழுதியிருந்தது பழைய பதிப்பான பைத்தான் 2-இன் கணக்கு. அந்தப் பதிப்புக்கான ஆதரவே 2020 ஜனவரி 1-உடன் நின்றுவிட்டது!

அப்புறம் புரட்டிப் பார்த்தால் வண்டி வண்டியாகப் பிழை. 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்று போட்டிருக்கிறோம், இப்போது 3.5 வரும். முழு எண் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு (//) போட்டு வகுக்க வேண்டும். அதிலும் மைனஸ் 7-ஐ 2-ஆல் வகுத்தால் விடை மைனஸ் 4, மைனஸ் 3 அல்ல. திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளைக்குப் பைத்தான் 3-இல் அடைப்புக்குறி கட்டாயம்; அது இல்லாத வரிகளை நான் எண்ணவே இல்லை.

எனக்குப் பெரிய தலைவலி சரம், அதாவது எழுத்துகளின் தொடர், பற்றிய அத்தியாயம். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் 15 என்று அச்சாகியிருக்கிறது. அது யுடிஎஃப்-8 என்ற முறையில் எழுத்துகளைச் சேமிக்க ஆகும் பைட்டுகளின் கணக்கு. பைத்தான் 3 சொல்வது 5, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். நம் கண்ணுக்கோ மூன்றே எழுத்து. இதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தவர் யாராவது கை கொடுங்கள்.

ஆளுக்கு ஓர் அத்தியாயம் போதும். ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் ஓட்டிப் பார்த்து, பக்க எண், வந்த விடை, உங்கள் பைத்தான் பதிப்பு மூன்றையும் குறித்து அனுப்புங்கள். நினைவை நம்பித் திருத்த வேண்டாம்; நாங்கள் அப்படி எழுதித்தான் மாட்டிக்கொண்டோம். எந்த அத்தியாயம் வேண்டும் என்று கீழே சொல்லுங்கள், கோப்பை அனுப்புகிறேன்.