குற்றம் மிகும் இடங்களைக் கணிக்கும் மாதிரி: 98 விழுக்காடு துல்லியத்தை நம்பலாமா?

கேள்வி:

வணக்கம். ஒரு நகரின் மூன்றாண்டுக் குற்றப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, வரைபடத்தை 200 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, மறுநாள் எந்தக் கட்டத்தில் திருட்டு நடக்கக்கூடும் என்று கணிக்கும் மாதிரி ஒன்றை ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் விடைகளைச் சேர்த்துக் கணிக்கும் இயந்திரக் கற்றல்) முறையில் உருவாக்கியிருக்கிறேன். திருட்டு நடக்கும் என்று அது கணிக்கும் கட்டம் சிவப்பாகத் தெரியும். சோதனைத் தரவில் 98 விழுக்காடு துல்லியம் வருகிறது. ஆனால் வரைபடத்தில் அநேகமாக எந்தக் கட்டமும் சிவப்பதில்லை. சிவந்த ஒன்றிரண்டும் ஆண்டு முழுவதும் இடம் மாறுவதில்லை. எங்கே தவறினேன்?

பதில் 1:

தவறு அளவுகோலில் இருக்கிறது. ஒரு நாளில் நூற்றுக்கு இரண்டு கட்டங்களில்தான் திருட்டு நடக்கிறது என்றால், எதையுமே கற்காமல் எல்லாக் கட்டங்களுக்கும் ‘நடக்காது’ என்று சொல்லும் மாதிரிக்கும் இதே 98 கிடைத்துவிடும். அதற்குப் பதிலாக, நகரப் பரப்பில் 2 விழுக்காட்டை மட்டும் குறித்துவிட்டு, மறுநாள் குற்றங்களில் எவ்வளவு அதற்குள் விழுந்தது என்று பாருங்கள். 20 விழுக்காடு விழுந்தால், 20ஐ 2ஆல் வகுக்க, உங்கள் மதிப்பெண் 10. அதே கணக்கை, சென்ற ஆண்டின் எண்ணிக்கையைக் கூட்டி முதலிடங்களில் உள்ள கட்டங்களைக் குறிக்கும் எளிய முறைக்கும் போட்டுப் பாருங்கள். 1989இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரம் பற்றி வெளியான ஆய்வில், காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி ஏறத்தாழ 3 விழுக்காட்டு முகவரிகளிலிருந்தே வந்திருந்தது. குற்றம் இப்படி ஒரே இடத்தில் குவிவதால், வெறும் கூட்டல் கணக்கை வெல்வது நினைப்பதைவிடக் கடினம். நாள் வரிசை பாராமல் தரவைக் கலைத்துப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்திருந்தால் அதுவும் பிழைதான்: முந்தைய மாதங்களில் பயிற்சி, பிந்தைய மாதங்களில் சோதனை என்று வையுங்கள்.

பதில் 2:

அளவுகோலைத் திருத்தினாலும் தரவு பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. பதிவேட்டில் இருப்பது நடந்த குற்றமன்று, பதிவான குற்றம். லம், ஐசக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2016இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரப் போதைப்பொருள் குற்றப் பதிவுகளை, குற்ற இடங்களைக் கணிக்கும் இத்தகைய நிரலில் செலுத்திப் பார்த்தபோது, போதைப்பழக்கம் நகரெங்கும் பரவியிருந்தும், காவலர்கள் ஏற்கெனவே அதிகம் சென்ற பகுதிகளுக்கே அது மீண்டும் அவர்களை அனுப்பியது. சென்ற இடத்தில் கைது, கைதான இடத்தில் மீண்டும் ரோந்து என்று அது சுழலும். அமெரிக்காவின் சாண்டா குரூஸ் நகரம் 2020இல், காவல்துறை இப்படிக் கணித்துச் செயல்படும் முறைக்குத் தடையே விதித்தது. திருட்டில் பெரும்பாலும் பறிகொடுத்தவரே புகார் தருவதால் இந்தச் சுழல் சற்று வலுவிழக்கும் என்பது என் கருத்து. ஆயினும் காப்பீடு கோருவதற்காக வண்டித் திருட்டைப் பதிபவர்கள், கைபேசி போனால் பேசாமல் இருந்துவிடுவதுண்டு. இரண்டையும் ஒரே மாதிரியில் கலக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. காலவரிசைப்படி பிரித்துப் பார்த்தேன். என் மாதிரிக்கு 6, வெறும் கூட்டலுக்கு 7. சற்று வெட்கமாகவே இருக்கிறது. அதைவிட, ஆண்டு முழுவதும் சிவந்திருந்த ஒரு கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அதன் நடுவில் இருந்தது காவல் நிலையம்! நிகழ்விடம் தெரியாத புகார்களுக்கெல்லாம் நிலையத்தின் ஆயத்தொலைவுகளையே நிரப்பியிருக்கிறார்கள். நேரம் தெரியாதவற்றுக்கு நள்ளிரவு 00:00. இவற்றை நீக்குவதா, தனியே வைப்பதா?

பதில் 1:

இடம் தெரியாதவற்றை நீக்கிவிட்டு, எத்தனை நீக்கினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். நேரத்தை அப்படி நீக்க வேண்டாம்: வீடு பூட்டியிருந்த காலம் முழுவதற்கும் அந்த ஒரு திருட்டைச் சம பங்குகளாகப் பகிர்ந்து கொடுங்கள். நாள் கணக்கில் கணிப்பதைவிட வாரக் கணக்கில் கணித்தால் அந்தப் பங்கீட்டின் பிழையும் குறையும்.