ஒரே ஒரு கணினிக்கு மட்டும் பாப்அப் செய்தி போகவில்லை, உதவுங்களேன்

நண்பர்களே, அலுவலகத்தில் 12 கணினிகள், எல்லாமே விண்டோஸ் 10 ப்ரோ. மற்ற கணினிகளுக்குச் செய்தி அனுப்பும் பழைய நெட் சென்ட் கட்டளை விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே இல்லாமல் போய்விட்டதால், அவசரத் தகவலை விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்ஜி (msg) கட்டளையில்தான் அனுப்புகிறோம். 11 கணினிகளில் உடனே திரையில் வந்து நிற்கிறது. கணக்குப் பிரிவுக் கணினிக்கு அனுப்பினால் மட்டும் 'பிழை 1722' (ஆர்பிசி சர்வர் கிடைக்கவில்லை, அதாவது அந்தக் கணினியின் சேவையைத் தொடர்புகொள்ள முடியவில்லை) என்று வருகிறது.

பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, பகிர்ந்த ஃபோல்டரும் திறக்கிறது. பெயருக்குப் பதில் ஐபி கொடுத்தாலும் அதே கதை. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) டெர்மினல் சர்வர் பகுதியில், வெளிக் கணினியின் கட்டளையை ஏற்க அனுமதிக்கும் 'அலோ ரிமோட் ஆர்பிசி' (AllowRemoteRPC) மதிப்பை 0-விலிருந்து 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தேன். ஃபயர்வாலை இரண்டு நிமிடம் அணைத்தும் பார்த்தாயிற்று. அதே கணினியில் உட்கார்ந்து தனக்குத்தானே அனுப்பினால் மட்டும் செய்தி வருகிறது.

நேற்று சர்வரை நிறுத்தும் தகவல் போய்ச் சேராமல், அங்கே இருப்பவரின் அரை நாள் வேலை சேமிக்காமலே போய்விட்டது. எனக்கு மனசே கேட்கவில்லை. வேறு எந்த சர்வீஸைப் பார்க்கலாம்? இதே பிழையைச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்.