நெல் பக்கத்தைச் சர்வரில் ஏற்றியதும் தமிழ் குப்பையாகத் தெரிகிறது – உதவி தேவை

பூங்கார்:
வணக்கம். இணையப் பக்கம் எழுத உதவும் எச்டிஎம்எல் மொழியை இப்போதுதான் கற்று வருகிறேன். பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி நோட்பேடில் ஒரு சின்னப் பக்கம் எழுதினேன். தலைப்புக்கு எச்1, பத்திக்குப் பி, பட்டியலுக்கு யூஎல், அவ்வளவுதான். மடிக்கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் அழகாக வருகிறது. அதையே சர்வரில் ஏற்றினால், மாப்பிள்ளைச் சம்பா இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி கோடு போட்ட ஏ என்று ஓடுகிறது. ஃபாண்ட் ஏதாவது சேர்க்க வேண்டுமா?

பழைய சர்வர்:
ஃபாண்ட் பிரச்சினை இல்லை. அதுவாக இருந்தால் வெறும் கட்டங்கள் தெரியும். கேள்விக்குறிகளாக வந்திருந்தால் தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்து எழுத்தையே தொலைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், மீட்க வழியில்லை. உங்கள் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பிரௌசர்தான் தப்பாக வாசிக்கிறது.

எழுத்துகளைக் கணினி எண்களாக (பைட்களாக) சேமிக்கும் முறைக்கு என்கோடிங் என்று பெயர். அப்படி ஒன்றான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'அம்மா' என்பதில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகள், ஆக 15 பைட். எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் முதல் பைட் ஒன்றேதான். என்கோடிங் என்னவென்று நீங்கள் சொல்லாவிட்டால், பிரௌசர் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான விண்டோஸ்-1252 என்று எடுத்துக்கொண்டு பைட்டுக்கு ஓர் எழுத்தாகக் காட்டும். அந்த முதல் பைட்தான் கோடு போட்ட ஏ.

உங்கள் கணினியில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்றால், வட்டில் இருக்கும் கோப்பைத் திறக்கும்போது குரோமும் ஃபயர்பாக்ஸும் யூடிஎஃப்-8ஆ என்று தாமே சோதித்துக்கொள்ளும். சர்வரிலிருந்து வரும் பக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஹெட் டேக் திறந்தவுடன், டைட்டிலுக்கும் முன்னால், பக்கத்தைப் பற்றிய தகவலைச் சொல்லும் ஒரு மெட்டா டேக் போட்டு, என்கோடிங்கைக் குறிக்கும் சார்செட் பண்புக்கு யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுங்கள். முதல் 1024 பைட்டுக்குள் அது வந்துவிட வேண்டும் என்பது விதி. அதற்கு மேலே தமிழில் நீளமாகக் குறிப்பு எழுதினால் 350 குறிகளுக்குள் அந்த இடம் தீர்ந்துவிடும்.

பூங்கார்:
போட்டேன் ஐயா. மாறவே இல்லை. கன்ட்ரோல் எஃப்5 கூட அடித்துப் பார்த்தேன்.

பழைய சர்வர்:
பக்கத்தோடு சர்வர் அனுப்பும் கன்டென்ட்-டைப் ஹெடர் என்ற தகவல் வரியில் வேறு சார்செட் இருந்தால் அதுதான் எடுபடும், மெட்டா எடுபடாது. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் பாருங்கள்.

தட்டச்சன்:
நடுவில் நுழைகிறேன். பூங்கார், அந்த மெட்டா வரியை எங்கிருந்து எடுத்தீர்கள்? மேற்கோள் குறிகள் நேராக இருக்கின்றனவா, வளைந்திருக்கின்றனவா?

பூங்கார்:
ஹெடரில் சார்செட் எதுவுமே இல்லை. மேற்கோள் குறி வளைந்துதான் இருக்கிறது! வகுப்புக் குறிப்புகளை ஒரு ஆவணக் கோப்பில் வைத்திருக்கிறேன், அதிலிருந்து ஒட்டினேன்.

தட்டச்சன்:
அப்போ அதுதான். எச்டிஎம்எல் நேரான மேற்கோள் குறியை மட்டுமே மதிக்கும். வளைந்தது அதற்கு இன்னொரு எழுத்து, அவ்வளவே. அதையும் மதிப்போடு சேர்த்துப் படித்துவிட்டு, இப்படி ஒரு என்கோடிங் கிடையாது என்று வரியையே தள்ளிவிடும். பிழைச் செய்தியும் வராது. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் கன்சோலில் சிவப்பாகக் கத்தியிருக்கும், எச்டிஎம்எல் எதையும் விழுங்கிக்கொண்டு போகும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை என்பேன். பக்கத்தை, எச்டிஎம்எல் பிழைகளைக் கண்டுபிடிக்கும் டபிள்யூ3சி வேலிடேட்டர் தளத்தில் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள், வரி எண்ணோடு காட்டும். அதே குறிப்பிலிருந்து இணைப்புக்கான ஏ டேக் எடுத்திருந்தால் அந்த இணைப்புகளும் 404 (பக்கம் இல்லை) என்றுதான் போய் நிற்கும், அவற்றையும் திருத்துங்கள்.

பூங்கார்:
குறிகளை நேராக்கினேன், தமிழ் வந்துவிட்டது! இருவருக்கும் நன்றி. இணைப்பிலும் அதே கோளாறுதான். இன்னும் இரண்டு சந்தேகம். கைப்பேசியில் எழுத்து எறும்பு அளவு தெரிகிறது. அப்புறம், கருங்குறுவை படம் சர்வரில் மட்டும் வரவில்லை.

பழைய சர்வர்:
கைப்பேசி உங்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று வைத்துச் சுருக்குகிறது. பக்கத்தின் அகலத்தைச் சொல்ல, வியூபோர்ட் என்ற பெயரில் இன்னொரு மெட்டா போட்டு, அதன் கன்டென்டில் விட்த் என்பதற்கு டிவைஸ்-விட்த் கொடுங்கள். படத்தின் பெயர் முடிவில் ஜேபிஜி பெரிய எழுத்திலா இருக்கிறது? விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வருக்கு அது வேறு கோப்பு.

பூங்கார்:
ஆமாம், கேமரா வைத்த பெயர். சின்ன எழுத்தாக மாற்றினேன், படம் வருகிறது.

தட்டச்சன்:
சரி, மேலே எச்டிஎம்எல் டேகில் மொழியைச் சொல்லும் லாங் பண்புக்கு, தமிழைக் குறிக்கும் டிஏ என்றும் போட்டுவிடுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்குத் தமிழ்க் குரலில் படிக்க அது வேண்டும்.