நியூசிலாந்தில் முதல் வேட்டைத் துப்பாக்கி: எடையைப் பார்ப்பதா, கட்டையைப் பார்ப்பதா?

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்துக்காரன். நியூசிலாந்தின் தென்தீவில் திமாரு ஊர்ப் பக்கம் பால் பண்ணை வேலைக்கு வந்து இப்போதுதான் காலூன்றியிருக்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். மலையேற வேண்டியிருப்பதால், கிடைப்பதிலேயே எடை குறைந்த ரைஃபிளை வாங்கிவிடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் உங்கள் உடம்புக்குப் பொருந்துகிற கட்டையை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் முட்டுக்கொடுக்கும் பகுதியை, பாருங்கள். எடையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

தென்தீவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். இங்கிருந்து போகிற பிள்ளைகள் முன்பெல்லாம் வீடு, கார், பள்ளிக்கூடம் பற்றித்தான் விசாரிப்பார்கள். இப்போது இதையும் கேட்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் என்.சி.சி.யில் ரைஃபிளைத் தொட்டதோடு சரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பத்துப் பிள்ளைகளாவது தாத்தாவின் பட்டாளத்துக் கதைகளைக் கேட்டிருப்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் மனத்தில் பதிந்திருக்கிறது. நியூசிலாந்தில் நிலைமை வேறு. அந்த மண்ணுக்கே உரிய நிலவாழ் பாலூட்டி வௌவால் ஒன்றுதான். செம்மான்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. நம் வரையாட்டுக்கு உறவான இமாலயத் தாரும் அப்படித்தான், 1904இல் தென்தீவின் அவுராக்கி (குக்) மலைப் பக்கம் விட்டார்கள். அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாததால் இவை பெருகிக் காட்டை மேய்ந்து தீர்க்கின்றன. அதனால்தான் அரசு நிலத்தில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறை இலவசமாகவே அனுமதிச் சீட்டு தருகிறது. சங்கடப்படாமல் போங்கள்.

இனி எடைக்கு வருகிறேன். கடையில் 2.5 கிலோ என்று எழுதியிருப்பது வெறும் துப்பாக்கியின் எடை. ஸ்கோப் எனும் குறிபார்க்கும் தொலைநோக்கி, அதைப் பிடிக்கும் வளையங்கள், சத்தக் குறைப்பான், தோள்வார், தோட்டாக்கள் எல்லாம் சேர்ந்தால் எளிதாக ஒரு கிலோ கூடிவிடும். எடை குறையக் குறைய, சுடும்போது தோளில் விழும் உதை கூடும். 3.5 கிலோ துப்பாக்கியில் சுட்ட அதே தோட்டாவை 2.5 கிலோ துப்பாக்கியில் சுட்டால் உதையின் ஆற்றல் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். புதிதாகப் பழகுகிறவர் நாலு முறை அந்த உதையை வாங்கினால், விசையை இழுக்கும்போதே கண்ணை மூடித் தோளைச் சுருக்க ஆரம்பித்துவிடுவார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிப்பது பெரும்பாடு. மேலும், எடையைக் குறைக்க மெல்லிய குழல் வைப்பார்கள். அது சீக்கிரம் சூடேறும், மூன்று குண்டுக்குப் பிறகு ஆறவிட வேண்டும். ஆகவே ஸ்கோப் இல்லாமல் 2.7 முதல் 3 கிலோவரை உள்ள போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) உங்களுக்குப் போதும். தோட்டா வகை 6.5 கிரீட்மூர் அல்லது 7 எம்.எம்.-08. செம்மானுக்கு இரண்டுமே தாராளம், .308 வகைத் தோட்டாவைவிட உதையும் குறைவு.

கட்டையில்தான் நம்மவர்கள் அதிகம் கவனிக்க வேண்டும். விசையிலிருந்து கட்டையின் பின்முனைவரை பெரும்பாலும் 34, 35 செ.மீ. வைக்கிறார்கள். ஐந்தரை அடி உயரக்காரருக்கு அது நீளம். அதன்மேல் பஞ்சு வைத்த குளிர்ச் சட்டை வேறு. ஆகவே மலையில் போடப்போகிற அதே சட்டையோடு கடைக்குப் போங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதைக் கடைக்காரரும் நீங்களும் பார்த்த பிறகு, ஆளில்லாத சுவர்ப்பக்கம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்புக்குள் காட்சி முழு வட்டமாகத் தெரிந்தால் பொருத்தம். ஓரத்தில் பிறை போலக் கருப்பு விழுந்தாலோ, கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தாலோ கட்டை சரியில்லை. பின்முனையில் தகடுகளைச் சேர்த்தும் கழற்றியும் நீளத்தை மாற்றிக்கொள்ளும் வகைகள் இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, ஒரு தாளை குழலுக்கும் கட்டைக்கும் இடையே செருகி இழுத்துப் பாருங்கள். எங்கும் தட்டாமல் வர வேண்டும். பிறகு கட்டையின் முன்பகுதியைக் கையால் அழுத்திக்கொண்டு மறுபடி இழுங்கள். மலிவான பிளாஸ்டிக் கட்டை வளைந்து குழலைத் தொட்டுவிடும், குண்டும் இடம் மாறும். கார்பன் ஃபைபர் கட்டை எடையும் குறைவு, விறைப்பும் அதிகம். விலைதான் கையைக் கடிக்கும். எனவே முதலில் தோட்டா ஏற்றிச் சுடும் பொறி நன்றாக இயங்குகிற துப்பாக்கியை வாங்குங்கள், கட்டையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: வால்நட் மரக்கட்டை பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறதே அண்ணா?

பதில்: அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தென்தீவின் மேற்குக் கரையில் மழை கொட்டும். ஐப்பசி அடைமழையில் நம் வீட்டு வாசற்கதவு ஊறி மூட மறுப்பது போல, மரக்கட்டையும் ஊறிக் குழலை நெருக்கும். வெயில் காலத்தில் சரிபார்த்து வைத்த குறி மழையில் தவறும். மரம்தான் வேண்டுமென்றால் அடுக்குப் பலகையில் செய்த கட்டை அவ்வளவாக ஊறாது, எடைதான் சற்று அதிகம்.

இன்னும் இரண்டு விஷயங்கள். உரிமம் தருவதற்கு முன் வீட்டுக்கு வந்து துப்பாக்கி வைக்கும் பெட்டகத்தைப் பார்ப்பார்கள். அதைச் சுவரோடு முடுக்க வேண்டும். நீங்கள் இருப்பது வாடகை வீடு என்றால் துளைபோட உரிமையாளரிடம் இப்போதே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். மார்ச் கடைசியில் செம்மான் கத்தும் பருவம் தொடங்கும், எல்லாரும் காட்டுக்குள் இருப்பார்கள். மான் என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்டுக் கொன்ற சம்பவங்கள் அங்கே நடந்திருக்கின்றன. அசைவையும் சத்தத்தையும் நிறத்தையும் நம்பிச் சுடக் கூடாது. முழு மானும் அதன் பின்னால் இருப்பதும் தெளிவாகத் தெரியும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது.