1791 முதல் பாடும் பெர்லின் குழு நிஜமா?

எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு 40 வயதுகூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு தடவை சண்டை போட்டுப் பிரிந்து சேர்ந்தாகிவிட்டது. பெர்லினில் ஜிங்-அகாடமி என்று ஒன்று 1791லிருந்து பாடுகிறதாமே? எல்லாரும் சம்பளத்துக்குப் பாடுபவர்களா?

↳ நிஜம்தான். சம்பளம் எல்லாம் இல்லை, பாட்டு ஆசையில் கூடிய ஊர்க்காரர்கள். ஃபாஷ் என்ற இசையமைப்பாளர் ஆரம்பித்தார், 1800இல் அவர் இறந்ததும் செல்ட்டர் என்பவர் கைக்கு வந்தது. இந்த செல்ட்டர் தொழிலில் கொத்தனார்! அவருடைய மாணவர், இசையமைப்பாளர் மெண்டல்சன், 20 வயதுப் பையன், இசைமேதை பாக் எழுதி ஏறக்குறைய எல்லாரும் மறந்துவிட்டிருந்த ‘மத்தேயு பாடுகள்’ (இயேசு பட்ட துன்பங்களைச் சொல்லும் இசைப்படைப்பு) என்பதை 1829 மார்ச் 11 அன்று இந்தக் குழுவை வைத்துத்தான் மறுபடி மேடையேற்றினார்.

↳ அப்புறம் ஏடுகள் கதையை விட்டுவிட்டீர்களே. இரண்டாம் உலகப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று வெளியூர் அனுப்பிய இசைப்பிரதிகள், 5000க்கும் மேல், சோவியத் படையோடு போய்விட்டன. 1999இல் உக்ரைன் தலைநகர் கீவில் கண்டுபிடித்தார்கள், 2001இல்தான் பெர்லின் திரும்பின.

↳ அவர்களுடைய சொந்தக் கட்டடத்திலும் இப்போது நடப்பது மாக்சிம் கார்க்கி நாடக அரங்கம்.

↳ சரி, எங்கள் கோயில் குழுச் சண்டை ஒன்றுமே இல்லை போல!