ஆபீஸ் டேபிள் மேல வைக்க பொம்மை, ஆளுக்கு 250 ரூபாய்க்குள்ள எது உருப்படியா இருக்கும்?

பழையபேட்டை_கணக்கன்:
வணக்கம்ங்க. கிருஷ்ணகிரியில ஒரு கிரானைட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். ஆயுத பூஜைக்கு வருசா வருசம் பொரிகடலையோட ஒரு எவர்சில்வர் டப்பா குடுப்பாங்க, இந்த தடவை வாங்குற பொறுப்பு என்கிட்ட வந்துருக்கு, நாள் பூரா டேலி கணக்கு சாஃப்ட்வேர் முன்னாடியே உக்காந்திருக்கறவங்களுக்கு நடுவுல கை வச்சு விளையாடற மாதிரி ஏதாவது குடுக்கணும்னு ரொம்ப ஆசை. 14 பேரு. ஆன்லைன்ல நியூட்டன்ஸ் கிரேடில் (நூல்ல வரிசையா தொங்கி ஒன்னையொன்னு இடிக்கற அஞ்சு குண்டு), தண்ணி குடிக்கிற கண்ணாடிப் பறவை, காந்த உருண்டை எல்லாம் கெடக்கு. டிராயருக்குள்ள போட்டு மறந்துடக் கூடாது, அதான் கேக்குறேன்.

ஓசூர்_ஜெனரல்_ஷிப்ட்:
ப்ரோ, நியூட்டன்ஸ் கிரேடில் இந்த பட்ஜெட்ல வேணாம். அஞ்சு குண்டும் ஒரே நேர்கோட்டுல லேசா தொட்டுக்கிட்டு நின்னாத்தான் இந்தப் பக்கம் ஒன்னு விட்டா அந்தப் பக்கம் ஒன்னு எம்பும். மலிவு செட்டுல நூல் அளவு முன்னபின்ன இருக்கும், கொஞ்ச நேரத்துல அஞ்சும் சேந்து ஆட ஆரம்பிச்சிடும், ஒரு தடவை நூல் சிக்கிச்சுன்னா பிரிக்கறதுக்குள்ள உசுரு போயிடும். டக் டக்னு சத்தம் வேற, பக்கத்து சீட்காரர் போன்ல பேச முடியாது. கலர் கட்டம் திருப்பி அடுக்கற ரூபிக்ஸ் கியூப் குடுக்கலாம், 1974ல ஹங்கேரியில ரூபிக்னு ஒரு வாத்தியார் செஞ்சது, இன்னிக்கும் சலிக்கல. ஆனா அடுக்கத் தெரியாதவங்க ரெண்டு தடவை திருப்பிட்டு வச்சிடுவாங்க.

லேப்_டீச்சர்_தர்மபுரி:
தம்பி, காந்த உருண்டை மட்டும் வாங்கவே வாங்காதீங்க. ஆபீஸ்ல குடுத்தாலும் அது வீட்டுக்குத்தான் போகும், குழந்தை ரெண்டு உருண்டைய முழுங்கிட்டா குடலோட ரெண்டு மடிப்புல நின்னு ஒன்னையொன்னு இழுத்து நடுவுல இருக்கற குடல் சுவத்த ஓட்டை போட்டுடும், ஆபரேஷன்ல போய் நிக்கும். இதுக்காகவே 2012ல அமெரிக்காவுல அரசு பாதுகாப்பு கமிஷன் பக்கிபால்ஸ்னு காந்த உருண்டை வித்த கம்பெனி மேல வழக்கு போட்டுச்சு.

பறவை அருமையான பொருள், எனக்கு ரொம்பப் புடிக்கும். தலையில இருக்கற ஈரம் ஆவியாகி தலை குளிரும், உள்ள இருக்கற ஆவி அங்க சுருங்கும், கீழ இருந்து திரவம் மேல ஏறும், தலை பாரமாகி குனியும். நம்ம ஊர் வறண்ட காத்துக்கு நல்லாவே ஆடும். ஆனா உள்ள இருக்கறது பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன்னு ஒரு ரசாயனம், கண்ணாடி ஒடஞ்சா அந்த ஆவிய சுவாசிக்கக் கூடாது. ஃபைல் தள்ளுற டேபிளுக்கு சரிப்படாது.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு:
அண்ணா, பெங்களூரு தாண்டி மைசூர் ரோட்டுல சென்னப்பட்டணம் இருக்கே, அங்க கடைசல்ல மரத்தக் கடஞ்சு அரக்குச் சாயம் ஏத்தின சின்ன கைப்பம்பரம் கெடைக்கும். புவிசார் குறியீடு வாங்கின பொருள். ரெண்டு விரல்ல சுண்டி விட்டாப் போதும், சத்தமே வராது. உங்க கம்பெனியில பாலிஷ் போட்ட துண்டுக் கல்லு கழிவா கெடக்குமே, உள்ளங்கை அளவுல வெட்டி ஓரத்த மழுக்கிக் குடுக்கச் சொல்லுங்க. அந்த வழவழப்புல பம்பரம் ரொம்ப நேரம் நின்னு சுத்தும், சுத்தாத நேரத்துல கல்லு பேப்பர் வெயிட்டு. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையும் யோசிச்சேன், டேபிள்ல எடம் அடைக்கும்.

பழையபேட்டை_கணக்கன்:
அண்ணா, இத நான் யோசிக்கவே இல்ல! யார்டுல பாரடைசோ ரக கிரானைட் துண்டு நெறைய கெடக்கு, நாளைக்கே மேஸ்திரிகிட்ட கேக்குறேன். பம்பரம் கல்லு ஓரத்துல இருந்து கீழ விழுமே, என்ன பண்ணலாம்?

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு:
நடுவுல லேசா குழி எடுக்கச் சொல்லுங்க, தானா நடுவுக்கு வந்துடும். அடியில ஃபெல்ட் துணி ஒட்டிடுங்க, டேபிள் கீறாது.


லேப்_டீச்சர்_தர்மபுரி:
ஓரம் மழுக்கறத மறந்துடாதீங்க தம்பி, வெட்டின கிரானைட் விரலக் கிழிச்சிடும்.