ஓபிஆர்டி மரபணு முழுசாக இருந்தும் இமிபெனெம் எதிர்ப்பு: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஐசியூவில் தொற்றிய சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் மாதிரி ஒன்றில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். இமிபெனெம் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றிய டிஸ்க்கின் விளிம்பு வரை ஒட்டி வளர்கிறது, கிருமி வளராத வட்டமே விழவில்லை. அதே வகை மருந்தான மெரோபெனெம் இன்னும் வேலை செய்கிறது. இவ்வகை மருந்துகளைச் சிதைக்கும் கார்பபெனிமேஸ் நொதிகளுக்கான பிசிஆர் நெகட்டிவ்.

இமிபெனெம் உள்ளே நுழைவது ஓபிஆர்டி என்ற துளைப்புரதம் வழியாகத்தான். இதே வார்டின் மற்ற மாதிரிகளில் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, பாதியிலேயே ஸ்டாப் கோடான் (புரத உற்பத்தியை நிறுத்தும் குறியீடு) வந்துவிட்டது. இதில் மட்டும் மரபணு முழுசாக இருக்கிறது! பிஏஓ1 என்ற ஒப்பீட்டு ரகத்துடன் ஒப்பிட்டால் அமினோ அமில மாற்றங்கள் ஏகப்பட்டவை. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிகளிலும் இப்படி மாற்றங்கள் உண்டே, எதைக் குற்றம் சொல்வது?

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற வேறு வகை ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யவில்லை. அதனால் என் சந்தேகம் மெக்ஸ்-டி என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தின் மீது: அது விழித்துக்கொண்டால் சிப்ரோஃப்ளாக்சசினை வெளியே தள்ளும் மெக்ஸ்இஎஃப் பம்ப் கூடும், ஓபிஆர்டி குறையும். சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்புக்கு இன்னொரு காரணமாகக்கூடிய ஜைர்-ஏ மரபணுவை இன்னும் பார்க்கவில்லை. அப்புறம், ஓபிஆர்டி மரபணுவுக்கு முன்னால் இருந்து அதை இயக்கும் புரமோட்டரில் தாவும் டிஎன்ஏ துண்டு செருகியிருக்கவும் வாய்ப்புண்டு.

அந்த முன்பகுதியைப் படிக்கப் பிரைமர் (பிசிஆருக்கான சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைத்தவர்கள் இருக்கிறீர்களா? ஆர்என்ஏ அளவு பார்க்க ஒப்பீட்டு மரபணுவாக ஆர்பிஎஸ்எல் மட்டும் போதுமா? பக்கத்துப் படுக்கைகளுக்குப் பரவுமோ என்று பயமாக இருக்கிறது, சீக்கிரம் சொன்னால் பெரிய உதவி.